முதல் பஸ் வேட்பாளர்

எங்கள் தெருவில் அவரைத் தையல்காரர் என்று யாரும் சொல்வதில்லை. முகத்துக்கு நேரே 'அண்ணன்', அந்தப் பக்கம் போனதும் 'தீர்மானம்'. எதைப் பேசினாலும் அதை ஒரு தீர்மானமாக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பார். சங்கக் கூட்டம் என்றில்லை. தெருமுனையில் தண்ணீர்க் குழாய் ஒழுகினாலும் சரி, யார் வீட்டுப் பிள்ளைக்காவது பிறந்தநாள் என்று நாலு பேர் கூடினாலும் சரி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இந்த விஷயத்துல நாம ஒருமனதா ஒரு முடிவுக்கு வரலாம்" என்று ஆரம்பிப்பார். எதிர்த்துப் பேசினால் இன்னும் ஒரு மணி நேரம் பேசுவாரே என்ற பயத்தில் எல்லோரும் கையைத் தூக்கிவிடுவார்கள்.

அவர் கடைக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். நான் செருப்பு தைப்பேன், பூட்டுக்குச் சாவி போட்டுக் கொடுப்பேன். அந்தப் பக்கம் அவர் கால்சட்டைக்கு நீளம் குறைப்பார், ஜிப் மாற்றுவார், கோட்டுக்கு உள்துணி வைப்பார். மெஷின் சத்தத்தை வைத்தே எனக்கு நிலவரம் தெரியும். சீராக ஓடினால் வேலையில் இருக்கிறார். விட்டு விட்டு ஓடினால் யாரோ வந்து உட்கார்ந்து அரசியல் பேசுகிறார்கள்.

பேசுவது முழுக்க ஊர் அரசியல். விட்டு வந்த ஊர். வாலிப வயதில் அங்கே ஓர் இயக்கத்தில் இருந்தவர். நோட்டீஸ் ஒட்டியவர். கூட ஒட்டிய சிநேகிதனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு இவர் காய்ச்சலில் படுத்திருந்தார், தப்பித்தார். சிநேகிதன் இன்னும் வெளியே வரவில்லை. கல்யாணமாகி, நாடு மாறி, ஒரு பெண் பிறந்து, மீசை நரைத்த பிறகும் அண்ணன் அந்த ஒரு மனிதனுக்காகவே கூட்டம் கூட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் சங்கம் மளிகைக்கடை மாடியில் இருந்தது. முன்னால் நீள ஹால், மடக்கு நாற்காலிகள். பின்னால் சின்ன அறை, அதில் அடுப்பு. ஆண்கள் முன்னால் உட்கார்ந்து பேசுவோம், பெண்கள் பின்னால் டீ போடுவார்கள். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. பழகிவிட்டது, அவ்வளவுதான். அண்ணன் தலைவர். மளிகைக்கடைக்காரர் உபதலைவர்.

அண்ணனின் மகளை எல்லோரும் பாப்பா என்போம். அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே ஊர்வல அட்டைகளில்தான். நகரசபைக்கு எதிரே உள்ள சதுக்கத்தில், குளிரில், தன்னைவிடப் பெரிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மூக்கு ஒழுகும். துடைக்கக் கை இருக்காது. வளர்ந்து பெரிய படிப்பு படிப்பாள், வக்கீலாவாள் என்று அண்ணன் கணக்குப் போட்டிருந்தார். அவள் ஒரு நாள் வந்து, பஸ் ஓட்டும் வேலை கிடைத்துவிட்டது என்றாள். அண்ணன் சில நாள் யாரிடமும் பேசவில்லை. பிறகு, "பெரிய வண்டிதான்" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

அவளுக்குக் கிடைத்த தடம் ஆற்றுக்கு அப்பால் உள்ள தொழிற்பேட்டைக்குப் போவது. விடியும் முன்னே கிளம்பும் முதல் பஸ். அண்ணி அதில்தான் வேலைக்குப் போவாள். பேட்டையில் ஒரு பெரிய சலவை ஆலை இருந்தது. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பும் ஹோட்டல்களின் துவாலையும் அங்கே வந்து குவியும். ஈர விரிப்பின் இரண்டு முனையையும் இரண்டு பெண்கள் பிடித்துச் சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். மறுபக்கம் இரண்டு பெண்கள் வாங்கி மடிக்க வேண்டும். ஆவியில் நின்று நின்று அண்ணியின் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்து, சுருங்கி இருக்கும். அந்த பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான். ரொட்டி ஆலை, காய்கறி அடைக்கும் கூடம், ஆஸ்பத்திரி துப்புரவு. ஏழெட்டு பாஷைக்காரர்கள். அரைகுறையாகத் தெரிந்த பொது பாஷையில் சண்டையும் போடுவார்கள், வைத்தியமும் சொல்வார்கள். அதில் ரொட்டி ஆலைக்காரி ஒருத்தி பேசினால் கடைசி சீட்டில் தூங்குகிறவர் எழுந்துவிடுவார். அவளுக்குச் சத்தக்காரி என்றே பெயர்.

அந்தக் குளிர்காலத்தில் நகரசபை ஓர் அறிவிப்பு ஒட்டியது. தேர்தல் முடிந்து புதிய சபை ஒப்புதல் தந்ததும், ஆற்றுக்கு அப்பால் போகும் பஸ் அலுவலக நேரத்தில் மட்டும்தான். விடியலிலும் சாயங்காலத்துக்குப் பிறகும் கிடையாது. அந்த நேரங்களில் ஏற ஆள் போதவில்லையாம். போக்குவரத்து துணை மேயர் கையில் இருந்தது. பாப்பா நகரசபைக்குப் போய்ப் பேசினாள். "குறித்துக்கொண்டோம்" என்றார் துணை மேயர். அடுத்த நாள் பஸ்ஸில் ஏறிய சத்தக்காரி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "குறிச்சுக்கிறவங்க இடத்துல நீ போய் உக்காரு" என்றாளாம். பஸ் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகும் அந்தப் பேச்சு அடங்கவில்லை. நகரசபைத் தேர்தலுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. தனிக்கட்டைக்கு ஒரு நாளாவது வாய்க்கு ருசியாகக் கிடைக்கட்டும் என்று அண்ணி போட்ட ஏற்பாடு. அன்று நல்ல மழை. சமையலறை ஜன்னலெல்லாம் ஆவி படிந்திருந்தது. மேஜையில் சோறும் பருப்பும். அண்ணி அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள்.

"துணை மேயர் ஆளை எதிர்த்து நிக்கிறியாமே" என்று ஆரம்பித்தார் அண்ணன். "மளிகைக்கடையில நாலு பேர் முன்னாடி கேக்குறாங்க. நான் ஒண்ணும் தெரியாம முழிக்கிறேன்."

"இன்னைக்கு உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேம்பா" என்றாள் பாப்பா. "நேத்துதான் மனு குடுத்தேன். பஸ்ல வர்றவங்கதான் முன்மொழிஞ்சாங்க. அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

அண்ணன் திரும்பி அண்ணியைப் பார்த்தார்.

"பேனா குடுத்தா, போட்டேன்" என்றாள் அண்ணி.

"எதுக்குன்னு கேட்டியா?"

"படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன். முட்டை ஒண்ணு போதுமா, ரெண்டா?"

அவர் முட்டையைக் கவனிக்கவில்லை. "பாப்பா, உனக்கு விளங்குதா இல்லையா? இந்த துணை மேயரைப் பிடிக்க நான் எவ்வளவு அலைஞ்சிருக்கேன். அவர் ஆபீஸ் வாசல்ல கால் கடுக்க நின்னிருக்கேன். இப்பத்தான் மனுஷன் இறங்கி வந்திருக்கார். தேர்தல் முடிஞ்சதும் நம்ம தீர்மானத்தை நகரசபையில கொண்டு வர்றேன்னு வாக்கு குடுத்திருக்கார். கைதிகளை விடுதலை பண்ணுங்கன்னு இந்த ஊர் கேட்டா, அடுத்த ஊரும் கேக்கும். அப்படியே மேல போகும். அதுக்கு நம்ம ஆளுங்க ஓட்டு மொத்தமும் அவர் கட்சிக்காரனுக்குப் போகணும். இந்த நேரத்துல நீ போய் குறுக்க நின்னா?"

"அவர்தாம்பா பஸ்ஸை நிறுத்தப் போறவர்."

"பஸ்ஸுதானே."

பாப்பா கரண்டியைக் கீழே வைத்தாள். "அம்மா வேலைக்கு எதுல போறாங்க?"

"வேற வழி பாத்துக்கலாம்."

"என்ன வழி? பாலத்துல நடந்து போறதா? ஓரத்துல கால் வைக்க இடம் கிடையாது. லாரி வந்தா கம்பியோட கம்பியா ஒட்டிக்கிட்டு நிக்கணும். நான் தினமும் அந்தப் பாலத்துல வண்டி ஓட்டுறேன்."

"உன் அம்மா வேலைக்குப் போக வேண்டாம்னா சொல்றேன்? ஒரு மனுஷன் வாலிபத்துலேர்ந்து ஜெயில்ல கிடக்கான். அவனையும் ஒரு பஸ்ஸையும் ஒண்ணா வச்சுப் பேசுறியே."

"ரெண்டையும் ஒரே தராசுல வச்சது நானில்லப்பா. துணை மேயர் வச்சார். நீங்க சரின்னுட்டீங்க."

அண்ணியின் கை நிற்காமல் முட்டை உரித்துக்கொண்டிருந்தது.

"உனக்கு அரசியல் தெரியாது" என்றார் அண்ணன்.

"சின்ன வயசுல என்னைக் குளிர்ல நிக்க வச்சீங்க. வீட்டுக்குப் போகலாம்பான்னு அழுவேன். நாம போயிட்டா அவனுக்காக யாரும்மா நிப்பான்னு கேப்பீங்க. எனக்குத் தெரிஞ்ச அரசியல் அது ஒண்ணுதான். இப்ப பஸ் ஸ்டாப்புல நிக்கிறவங்களுக்காக யார் நிப்பா?"

"உன்னை வளத்தது எங்களோட நிக்கிறதுக்கு."

"நிக்கிறதுக்குத்தானே வளத்தீங்க. எங்கன்னு நான் பாத்துக்கிறேனே." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "நான் ஜெயிச்சா உங்க தீர்மானத்தை நானே கொண்டு வரேம்பா. யார்கிட்டயும் பேரம் பேசாம."

"நீ ஒருத்தி. உனக்குப் பின்னாடி கை தூக்க யார் இருக்கா?"

அண்ணன் சோற்றில் கை வைக்காமலே எழுந்து போய்விட்டார். அண்ணி அந்தத் தட்டை எடுத்து மூடி வைத்தாள். "பசிச்சா வருவார்" என்றாள். வரவில்லை.

அடுத்த வாரம் முழுவதும் சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் சீராக ஓடியது. அரசியல் பேச வருகிறவர்களை உள்ளேயே விடவில்லை போலிருக்கிறது. எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கவே பயமாக இருந்தது.

மளிகைக்கடைக்காரர் சங்கத்தை அவசரமாகக் கூட்டினார். ஞாயிறு மதியம் ஹால் நிறைந்துவிட்டது. ஆலைக்கும் அன்று விடுமுறை என்பதால் பின்னறையிலும் நல்ல கூட்டம். கெட்டில் கொதிக்கும் சத்தமும் டம்ளர் கழுவும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. அண்ணன் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்றி வைக்க மறந்து வந்திருந்தார்.

மளிகைக்கடைக்காரர் எழுந்து தீர்மானத்தை வாசித்தார். சங்கம் துணை மேயர் கட்சிக்காரரை ஆதரிக்கிறது. தலைவரின் மகள் நிற்பதற்கும் சங்கத்துக்கும் சம்பந்தமில்லை. உறுப்பினர்கள் யாரும் அவளுக்கு வேலை செய்யக் கூடாது.

"சொந்தபந்தம்னு பாக்குற நேரம் இல்ல இது" என்றார். "தலைவரே அப்படிப் பாக்க மாட்டார்னு எனக்குத் தெரியும்."

அண்ணன் தலையை மட்டும் அசைத்தார். "ஓட்டுக்கு விடுறேன்" என்று வாயெடுத்தார். அப்போதுதான் பின்னறைக் கதவருகே அண்ணி வந்து நின்றாள். முந்தானையில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தலைவரே" என்றாள்.

வீட்டில் 'என்னங்க' என்று கூப்பிடுகிறவள் அப்படிக் கூப்பிட்டதும் ஹால் அப்படியே திரும்பிப் பார்த்தது.

"எனக்கு ஒரு சந்தேகம். இந்தச் சங்கத்துல நான் உறுப்பினரா?"

"அண்ணி, அதெல்லாம் அப்புறமா..." என்று மளிகைக்கடைக்காரர் குறுக்கிட்டார்.

"தலைவர்கிட்ட கேட்டேன்."

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "உறுப்பினர்தான். குடும்பத்துல வயசு வந்த எல்லாரும் உறுப்பினர்."

"அப்ப எனக்கு ஓட்டு உண்டா?"

"இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்லையே" என்றார் மளிகைக்கடைக்காரர்.

"கேட்டதில்லதான். இப்ப கேக்குறேன்."

நான் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சங்க விதிகளை எழுதியவர் அவர். ஒரு வார்த்தை, 'வழக்கம் இல்லை' என்று சொன்னால் போதும். யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். தீர்மானம் நிறைவேறும். துணை மேயர் வாக்கைக் காப்பாற்றுவார். சிநேகிதனுக்கு ஒரு வழி பிறக்கலாம். அவர் அளவு நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஓடியது என்ன என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

"உறுப்பினர்னுதான் நான் எழுதினேன்" என்றார் கடைசியில். "முன்னால உக்காந்திருக்கிற உறுப்பினர்னு எழுதல. ஓட்டு உண்டு."

"பேசவும் செய்யலாமா?"

"பேசு" என்றவர் திருத்திக்கொண்டார். "பேசுங்க."

அண்ணி கதவருகே நின்றபடியே பேசினாள். "எனக்கு மேடைப் பேச்சு வராது. பின்னறையில நின்னு உங்க பேச்செல்லாம் கேட்டிருக்கேன். நல்லாத்தான் பேசுறீங்க. ஜெயில்ல இருக்கிற அந்த மனுஷனை நான் மறக்கல. கல்யாணத்துக்கு முன்னாடி எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சேதி கொண்டு வந்து குடுத்தவரே அவர்தான். எங்க வீட்டு நாய் அவரைக் கடிச்சிருக்கு, அப்பவும் வந்தார்."

யாரோ சிரித்தார்கள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் எதுக்காக உள்ள போனார்? கூலி வேலை செய்யுறவங்களுக்காக நோட்டீஸ் ஒட்டினதுக்கு. இப்ப அவர் பேரைச் சொல்லி எங்க பஸ்ஸைப் பிடுங்கினா, அவரே வேண்டாம்பார். எனக்குத் தோணுனது இதுதான். டீ ஆறுது, எடுத்துக்கங்க."

அண்ணன் எழுந்து நின்றார். தீர்மானத்துக்கு ஆதரவாக இருப்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னார். ஹாலில் நிறையக் கைகள் உயர்ந்தன. எதிர்ப்பவர்கள் என்றதும் பின்னறைக் கதவு முழுசாகத் திறந்தது. தோளில் துண்டோடு ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி, டம்ளர் தட்டைக் கீழே வைக்காமலே ஒருத்தி என்று வெளியே வந்து வரிசையாக நின்று கையைத் தூக்கினார்கள். அதைப் பார்த்து முன்வரிசையில் இரண்டொரு புருஷன்மார் தூக்கிய கையை இறக்கிக்கொண்டார்கள். நானும் கையைத் தூக்கினேன்.

அண்ணன் நிதானமாக எண்ணினார். விரலால் சுட்டி, ஒருவரையும் விடாமல்.

"தீர்மானம் தோற்றது" என்றார்.

மளிகைக்கடைக்காரர் சாவிக்கொத்தை மேஜையில் போட்டுவிட்டு, இனி மாடியைக் கேட்டு வராதீர்கள் என்று சொல்லி இறங்கிப் போனார். அவரோடு கொஞ்சப் பேர் போனார்கள். அவர்களில் சிலர் அதற்குப் பிறகு தையல் கடைப் பக்கம் வரவே இல்லை. அண்ணன் நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கிச் சுவரில் சாய்த்தார். அண்ணி டீ கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தார்.

மறுநாள் காலை என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தம்பி, பாப்பாவுக்கு நான் என்ன செய்யணும்?"

"அதை பாப்பாகிட்டயே கேளுங்க அண்ணே."

"கூச்சமா இருக்கு."

சாயங்காலம் பாப்பா வேலை முடிந்து வந்ததும் கேட்டுவிட்டார். அவள் ஒன்றும் பழசைக் கிளறவில்லை. "நாளைக்கு எங்களோட வீடு வீடா வாங்க" என்றாள். நானும் கூடப் போனேன்.

முதல் வீட்டிலேயே வினை வந்தது. கதவைத் திறந்தவர் ஓர் ஓய்வுபெற்ற கொத்தனார், வேறு நாட்டுக்காரர். அண்ணன் உழைப்பாளிகளின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்தார். அது நடப்புக் காலத்துக்கு வருவதற்குள் உள்ளே சூப் அடிப்பிடித்து வாசனை வந்துவிட்டது. கொத்தனார் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடினார்.

படியிறங்கும்போது பாப்பா சொன்னாள். "அப்பா, கதவைத் திறக்கிறவங்க எல்லாரும் அடுப்புல எதையாவது வச்சிருப்பாங்க. ரெண்டே வாக்கியம் போதும்."

"ரெண்டு வாக்கியத்துல என்னத்தைச் சொல்றது?"

"முதல் பஸ்ஸை நிறுத்தப் போறாங்க. என் பொண்ணு நிறுத்த விடமாட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் அவங்க பேசுவாங்க. நீங்க கேளுங்க."

கேட்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. வாய் துடிக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அடக்கிக்கொள்வார். ஆனால் கேட்கக் கேட்க அவருக்கு ஓர் ஆச்சரியம் வந்துவிட்டது. லிப்ட் ஓடாமல் மாடியிலேயே முடங்கிக் கிடக்கும் தாயார், சாயங்கால பஸ் நின்றுவிட்டால் வகுப்பை விட வேண்டிய மாணவி, மகனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நேரம் ஒத்துவராத காவலாளி. கடைக்குத் திரும்பியதும் என்னிடம் ஒவ்வொன்றாக ஒப்பிப்பார். "எத்தனை வருஷமா இந்தத் தெருவுல இருக்கேன் தம்பி. எதிர்க் கட்டடத்துல யார் இருக்கான்னு இப்பத்தான் தெரியுது." கோட்டுக்கு வாங்கி வைத்திருந்த சிவப்பு உள்துணியைப் பட்டை பட்டையாக வெட்டி, ஓரம் அடித்து, பஸ்ஸில் வரும் பெண்கள் எல்லோருக்கும் தோளில் குறுக்கே போட்டுக்கொள்ளும் பட்டை தைத்துக் கொடுத்தார். சத்தக்காரி அதைப் போட்டுக்கொண்டு ரொட்டி ஆலை வாசலில் நின்று கத்தியது ஆற்றுக்கு இந்தப் பக்கம் கேட்டதாகச் சொல்வார்கள்.

தேர்தலுக்கு முந்தின வாரம் துணை மேயரே தையல் கடைக்கு வந்தார். நல்ல கோட்டு, பளபளக்கும் ஷூ. சுவர் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது.

"உங்கள் தீர்மானத்தை நான் இன்னும் மறக்கவில்லை" என்றார் அவர். "இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஒரு வார்த்தை நீங்கள் சொன்னால் உங்கள் ஆட்கள் கேட்பார்கள்."

கத்தரிக்கோலை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அண்ணன் குரல், ரொம்ப மரியாதையாக.

"உங்க கோட்டுல கை நீளம் கொஞ்சம் கூடுதலா இருக்கு. குறைக்கணும்னா திங்கட்கிழமை குடுங்க. மத்தபடி நான் என் பொண்ணோட ஆளு."

அவர் போன பிறகு அண்ணன் என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்து வெகுநேரம் சிநேகிதனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் டீ வாங்கி வந்தேன். "அவன் இருந்தா என்னை அடிச்சிருப்பான்" என்றார். எதற்கு என்று நான் கேட்டேன். "இந்த துணை மேயரைக் கடையை விட்டு அனுப்ப இவ்வளவு நாள் ஆனதுக்கு."

தேர்தல் அன்று தரையெல்லாம் உறைபனி. விடியல் வேலைக்குப் போனவர்கள் திரும்பும் வழியில் நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்து ஓட்டுப் போட்டார்கள். சலவை ஆலைப் பெண்களின் தலையில் ஆலைத் தொப்பிகூட அப்படியே இருந்தது. சாயங்காலம் அதே பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில் எண்ணினார்கள். ஆரம்பத்தில் துணை மேயரின் ஆள்தான் முன்னால் இருந்தார். எங்கள் தெருப் பெட்டி திறந்ததும் இடைவெளி குறைந்தது. ஆற்றோரக் குடியிருப்புகளின் பெட்டி திறந்ததும் பாப்பா முந்திவிட்டாள். பிறகு அவளை யாரும் பிடிக்கவில்லை.

முடிவை அறிவித்ததும் அண்ணி சிரித்தாள். வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு. அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. சத்தக்காரி பாப்பாவைத் தூக்கப் பார்த்து இருவரும் விழப்போனார்கள். அண்ணன் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். "ஏதாவது பேசுங்க அண்ணே" என்று யாரோ கேட்டார்கள். வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார்.

பஸ் பற்றிய ஓட்டெடுப்பு குளிர் விடும் சமயத்தில் வந்தது. காலையில் சபை. அந்த வாரம் அண்ணிக்குப் பிற்பகல் வேலை, அதனால் அவளும் அவளோடு வேலை செய்கிறவர்களும் பார்வையாளர் மாடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணனும் நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தோம்.

பாப்பா எழுந்தாள். சத்தம் போடவில்லை. முதல் நிறுத்தத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டே போனாள். இங்கே ஏறுகிறவர் உங்கள் ஆஸ்பத்திரிப் படுக்கையை விரிக்கிறவர். அடுத்ததில் ஏறுகிறவர் நீங்கள் காலையில் தின்னும் ரொட்டியை எடுத்து அடுக்குகிறவர். தொழிற்பேட்டை வரைக்கும் போய்த்தான் நிறுத்தினாள். துணை மேயர் செலவைப் பற்றிப் பேசினார். சபைத் தலைவர் ஓட்டுக்கு விட்டார். கைகள் சரிபாதியாகத் தெரிந்தன. அப்போது துணை மேயரின் கட்சியிலேயே ஆற்றோர வார்டுக்காரர் ஒருவர், அவர் பக்கம் திரும்பாமலே, பஸ்ஸுக்கு ஆதரவாகக் கையைத் தூக்கினார். பஸ் பிழைத்தது.

மாடத்தில் கைதட்டக் கூடாது என்று தலைவர் எச்சரித்தார். பெண்கள் கைதட்டவில்லை. மொத்தமாக எழுந்து நின்றார்கள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

பாப்பா உட்காரவில்லை. இன்னொரு தீர்மானம் இருக்கிறது என்றாள். விசாரணை இல்லாமல் சிறையில் இருக்கும் கைதிகளை விடுவிக்கும்படி இந்த நகரசபை கேட்க வேண்டும். அண்ணன் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வழிமொழிபவர் யாராவது?" என்று கேட்டார் தலைவர்.

துணை மேயர் குனிந்து தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். அவர் பக்கம் யாரும் அசையவில்லை. அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான உறுப்பினர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், மெல்ல எழுந்தார். "என் தகப்பனாரும் இந்த ஊருக்கு ஓடி வந்தவர்தான்" என்றார். "வழிமொழிகிறேன்." அடுத்த கூட்டத்தில் விவாதம் என்று எழுதிக்கொண்டார்கள். ஜெயிக்குமா என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆனால் சிநேகிதனின் பெயர் அந்தக் கட்டடத்துக்குள் முதல்முறையாக உரக்க வாசிக்கப்பட்டது. அண்ணன் பக்கத்தில் இருந்த என் கையைப் பிடித்த பிடியில் விரல் நொறுங்கிவிடும்போல இருந்தது.

வெளியே வந்ததும் பெண்கள் நிறுத்தத்துக்கு ஓடினார்கள். பிற்பகல் வேலைக்கு நேரமாகிவிட்டது. பஸ் வந்தது. அண்ணி ஏறினாள். அண்ணனும் பின்னாலேயே ஏறினார், அவரோடு நானும் தொற்றிக்கொண்டேன்.

"நீங்க எங்க வர்றீங்க?" என்றாள்.

"சும்மா."

அவர் அந்தப் பாலத்தைத் தாண்டியதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வழியெல்லாம் ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். சலவை ஆலை வாசலில் இறங்கினோம். கதவைத் திறந்ததும் உள்ளிருந்து வெந்த காற்று வந்து முகத்தில் அடித்தது. தூரத்தில் உருளைகள் சுழன்றன. வெள்ளை விரிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன.

"இவ்வளவு சூடா?" என்றார்.

"இதெல்லாம் ஒண்ணுமில்ல. கோடையில வந்து பாருங்க." அண்ணி தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டினாள். "உள்ள வராதீங்க, மேற்பார்வையாளர் கத்துவார்."

"உங்களுக்கு ஒரு சங்கம் இருக்கணுமே. ஆரம்பிக்கலாமே. நான் வேணா..."

"ஆரம்பிச்சாச்சு. வெள்ளிக்கிழமை முதல் கூட்டம்."

"யார் தலைமை?"

"நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"நான் வந்து ரெண்டு வார்த்தை பேசட்டுமா?" என்றார்.

"வேண்டாம்" என்றாள் அண்ணி. "வந்தா உக்காந்து கேளுங்க." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன் பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் ஆரம்பித்தார். தன் மகள் நகரசபை உறுப்பினர், தன் மனைவி சலவை ஆலைச் சங்கத்தின் தலைவர். அந்த ஆள் மரியாதைக்கு, "அப்படியா" என்றுவிட்டார். அது போதாதா. பாலம் போனது, ஆற்றோரம் போனது, ஆஸ்பத்திரி போனது. பேச்சில் நானும் சேர்ந்துகொண்டேன். நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டோம்.